பம்ப் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறு சொல்கிறது

எனக்கு டைப் 1 நீரிழிவு வந்து 26 வருடம். சர்க்கரையை அளக்கும் சென்சாரும் இன்சுலின் பம்ப்பும் ஒன்றோடொன்று பேசி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறி நாலு வருடம். மாறிய புதிதில், இனி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். முக்கால்வாசி நேரம் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. மிச்சம் கால்வாசிக்குத்தான் இந்தக் குறிப்பு.

அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது மூன்றே சங்கதி: சென்சார் காட்டும் எண், எவ்வளவு இன்சுலின் செலுத்தினோம் என்று அதுவே எழுதி வைத்திருக்கும் கணக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் சொன்னது. மூன்றில் ஒன்று பொய்யாகிவிட்டால், அந்தப் பொய்யை நம்பி அது கனகச்சிதமாகத் தப்பு செய்யும். அதனால் என்ன தொல்லை வந்தாலும் நான் முதலில் தேடுவது, மூன்றில் எது பொய் என்பதைத்தான். தொல்லை எப்படித் தோன்றுமோ அப்படியே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். மருந்தளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மருத்துவரோ நீரிழிவுத் தாதியோ எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தால், எண்களுக்கு அதைத்தான் நம்ப வேண்டும்.

எண் என்றதும் ஒன்று. இங்கே சிங்கப்பூரில் நாம் பார்ப்பது மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண். திருச்சியிலிருந்து வந்திருந்த சித்தி என் கைப்பேசியில் 7.2 என்று பார்த்துவிட்டு, “ஐயோ, ஏழுதானா! அக்கா, பிள்ளைக்குச் சீனி கொடுங்க” என்று அலறிவிட்டார். ஊர்க் கணக்கில் அது 130.

எண் ஏறிக்கொண்டே போகிறது, பம்ப் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, இறங்குவேனா என்கிறது

இதைத்தான் முதலில் படிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். ஊசி போட்ட காலத்தில் நாள் முழுக்கப் பின்னால் நின்று காத்த நீண்ட நேர இன்சுலின் இப்போது உடம்பில் கிடையாது. வழியில் அடைப்போ கசிவோ இருந்தால் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) சேர ஆரம்பித்துவிடும்.

இங்கே பொய் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது கணக்கு. பம்ப் கொடுத்துவிட்டதாக எழுதி வைத்திருக்கும். உடம்புக்கு வந்து சேர்ந்திருக்காது. அடைப்பு என்றால் எச்சரிக்கை மணி அடிக்கும், அதுவும் தாமதமாகத்தான். கசிவு என்றால் மணியே அடிக்காது. இன்சுலின் தடையில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது பம்ப்புக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

கையைக் கழுவித் துடைத்துவிட்டு விரலைக் குத்திப் பாருங்கள். 14-க்கு மேல் என்று அதுவும் சொன்னால் உடனே ரத்தத்தில் கீட்டோன் பாருங்கள்.

கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் பம்ப்புக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். பம்ப் வழியாகவே ஒரு திருத்த போலஸ் (ஒரே தடவையாகக் கொடுக்கும் இன்சுலின்), ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விரல். இறங்கவில்லையா, பம்ப்பை உடம்போடு இணைக்கும் குழாய் செட்டைக் கழற்றிவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று காத்திருந்து நான் கெட்டது மூன்று முறை.

0.6-ஐத் தாண்டிவிட்டால் பம்ப்பை நம்பாதீர்கள். திருத்த அளவை இன்சுலின் பேனாவில் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் புது செட், நிறையத் தண்ணீர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் மறுபடி பாருங்கள். கீட்டோன் 1.5-க்கு மேல் என்றால் உங்கள் மருத்துவக் குழுவை அழைக்க வேண்டிய நேரம். 3.0 ஆகிவிட்டாலோ, எண் எதுவாக இருந்தாலும் வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இரைக்கும் மூச்சு என்று வந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுதான். ஆள் தடுமாறினால் ஆம்புலன்ஸுக்கு 995.

பேனாவில் போட்டதும் பலர் மறப்பது ஒன்று உண்டு: பம்ப் தானாகக் கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ’வை நிறுத்தி வைப்பது. பேனாவில் போட்டது பம்ப்பின் கணக்கில் ஏறாது. புது செட் போட்டதும் அது உயர்ந்த எண்ணைப் பார்த்துத் தன் பங்குக்கு அள்ளிக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் ஆளைக் கவிழ்த்துவிடும். பேனா இன்சுலின் அடங்க ஏறக்குறைய நாலு மணி நேரம். அதுவரை ஆட்டோ இல்லாமல் வழக்கமான பேசல் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போகும் அடிப்படை இன்சுலின்) மட்டும் போதும். எங்கள் தாதி முதல் நாளே இதைச் சொன்னார். எனக்கு உறைத்தது 2.9 பார்த்த பிறகு.

சரி, ஆபத்து கடந்ததும் கழற்றிய செட்டைத் தூக்கி எறியாமல் பாருங்கள். தோலுக்குள் போகும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கியிருக்கிறதா? நுனியில் ரத்தமா? பிளாஸ்திரி ஈரமா? முகர்ந்தும் பாருங்கள். இன்சுலினில் சேர்க்கும் பதப்படுத்தும் மருந்துக்கு ஒரு தனி நெடி உண்டு, பழைய மருத்துவமனை வராந்தா மாதிரி. அந்த நெடி சட்டையில் அடித்தால் இன்சுலின் சட்டைக்குத்தான் போயிருக்கிறது.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் விளக்கு பார்க்கப் போய் இரண்டு மணி நேரம் கூட்டத்தில் நெருக்கியடித்து நடந்தோம். வீடு வந்தபோது 17.8. பிளாஸ்திரி பார்க்க ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது. நெடிதான் காட்டிக்கொடுத்தது: வியர்வையில் ஓரம் விட்டு, கேனுலா பாதி வெளியே வந்திருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். குளித்த உடனே செட் மாட்டுவதை நான் விட்டுவிட்டேன். விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே ஒரு கூடுதல் டேப்போடு மாட்டுகிறேன். படுக்கப் போகும் நேரத்தில் மாற்றுவதும் கிடையாது. புது செட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது ஒன்றிரண்டு மணி நேரம் விழித்திருந்து பார்த்தால்தான் தெரியும்.

செட்டில் ஒரு குறையும் தெரியவில்லை என்றால் சந்தேகம் இடத்தின் மேல் போக வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டிக்கொண்டு இன்சுலின் ஏறுவது தாறுமாறாகும். கண்ணை மூடித் தடவினால் கட்டி தட்டுப்படும். இடமும் சரி என்றால் இன்சுலினே கெட்டிருக்கலாம். பம்ப்புக்குள் இருக்கும்போது அது 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை விட்டால் தாண்டிவிடும். திறக்காத புட்டி குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனதை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் பம்ப்பில் நிரப்பாதீர்கள். சூடேறும்போது குமிழிகள் பிறக்கும். குழாயில் குமிழி போகும் நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது காற்று, பம்ப் எழுதிக்கொள்வது இன்சுலின்.

நடு இரவில் ‘லோ’ அலாரம், ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை

எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள்? சென்சார் இருக்கும் கையின் மேல் என்றால் அநேகமாக விஷயம் முடிந்தது. சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தில் இருக்கும் சர்க்கரையை, ரத்தத்தில் உள்ளதை இல்லை. அந்த இடத்தை அமுக்கினால் திரவ ஓட்டம் குறைந்து எண் கிடுகிடுவென விழும். வரைபடத்தில் கிணறு வெட்டினாற்போல் நேராக ஒரு இறக்கம், புரண்டு படுத்ததும் நேராக ஒரு ஏற்றம். உண்மையான இறக்கம் இப்படிச் செங்குத்தாக வருவது அபூர்வம்.

ஆனாலும் ஊகத்தில் விடக் கூடாது, விரலைக் குத்துங்கள். என் அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. அலாரம் கேட்டதும் கையில் இனிப்பான மைலோ பானத்தோடு வந்து நிற்பார். “முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, முதல்ல குடிம்மா, அப்புறம் குத்திக்கலாம்.” அப்படிக் குடித்த ஒரு ராத்திரிக்குக் காலையில் 14.3. குடித்தது ஒரு பக்கம். பொய் எண்ணை நம்பி பம்ப் முக்கால் மணி நேரம் பேசலை நிறுத்தி வைத்திருந்தது மறுபக்கம்.

வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி இப்படி நடந்தால் அடுத்த சென்சாரை நீங்கள் சாயாத பக்கம் மாட்டுங்கள். விரலும் 4-க்குக் கீழே என்று சொன்னால் அது நிஜ இறக்கம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நிஜமாகவே இறங்கியது, சாப்பிட்டதும் எகிறிவிட்டது

15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு என்பதுதான் நாம் எல்லாரும் படித்தது. ஆட்டோவில் ஓடும் பம்ப் வேறு நிலைமை. எண் சரிவதை அது முன்பே பார்த்து அரை மணி நேரமாக இன்சுலினை நிறுத்தியிருக்கும். அதன் மேல் 15 கிராம் போட்டால் பல சமயம் அதிகம். லேசான இறக்கத்துக்கு 5 முதல் 10 கிராம் போதும் என்று என் மருத்துவர் சொன்னார். குளுக்கோஸ் மாத்திரை என்றால் இரண்டு. 3-க்குக் கீழே போய்விட்டாலோ, சற்று முன்தான் சாப்பாட்டு போலஸ் போட்டிருந்தாலோ இந்தச் சிக்கனம் வேண்டாம், முழு 15 எடுங்கள். ஆள் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் இருந்தால் அது, கூடவே 995.

சாப்பிட்ட பிறகும் சென்சார் சிவப்பிலேயே நிற்கும். ரத்தத்தைவிட அது 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே வரும். அதைப் பார்த்துப் பதறி பிஸ்கட் டின்னைத் திறந்தவர்கள்தான் ஒரு மணி நேரத்தில் 13 பார்ப்பவர்கள். இந்த இடைவெளியில் விரலைத்தான் கேட்க வேண்டும்.

இறக்கத்துக்காகச் சாப்பிட்டதைப் பம்ப்பில் உணவு என்று பதிவு செய்யாதீர்கள். அதற்கும் சேர்த்து இன்சுலின் கொடுத்துவிடும்.

சாப்பிட்டதும் 15-க்குப் போகிறது, மூன்று மணி நேரத்தில் 4-க்கு வருகிறது

பெரும்பாலும் போலஸ் பிந்தியதுதான் காரணம். வேக இன்சுலின் வேலையைத் தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் ஆகும், உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல். ரொட்டி பராட்டாவோ அதுவரை காத்திருக்காது. எண் ஏறுவதைப் பார்த்து இயந்திரம் திருத்தத்தை அடுக்கும், நீங்கள் பிந்திப் போட்டதும் சேரும், எல்லாம் ஒன்றாக வேலை செய்யும்போது தரை தட்டும்.

சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன் போட வேண்டும் என்பது புத்தகத்தில் சுலபம். கோப்பிக்கடையில் தட்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வரிசையில் நிற்பவர் வரிசையிலேயே போட்டுவிட்டால், முறை வரும்போது ‘முடிஞ்சிருச்சு’ என்று பலகையைத் திருப்பிவிடுவார்கள். நான் பணம் கொடுக்கும்போது பாதி போடுகிறேன், தட்டு மேசைக்கு வந்ததும் மீதி.

போட மறந்தே போய், முக்கால் மணி நேரம் கழித்து நினைவு வந்தால்? முழுக் கணக்கையும் போடாதீர்கள். அதற்குள் இயந்திரம் தன் பங்குக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். பாதி மாவுச்சத்து என்று பதிவது பொதுவாகச் சொல்லப்படும் வழி. உங்கள் தாதியிடம் உங்களுக்கானதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணி, நாசி லெமாக் போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு எதிர்மாறான சிக்கல்: முதல் இரண்டு மணி நேரம் எண் அழகாக நிற்கும், நாலாவது மணி நேரத்தில் மலை ஏறும். கொழுப்பு செரிமானத்தைத் தள்ளிப்போடுவதால் வருவது அது. ஆட்டோ அதில் பெரும்பகுதியைத் தானே பிடித்துவிடும். அதை ஏமாற்றுவதற்காகச் சாப்பிடாத மாவுச்சத்தைச் சாப்பிட்டதாகப் பதிவது பலருக்குப் பழக்கம். எனக்கும் இருந்தது. மூன்றாவது கணக்கை நாமே பொய்யாக்கினால் அப்புறம் இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

பானங்கள் பற்றி ஒரு வார்த்தை. கோப்பிக்கடையில் ‘தே சியூ தாய்’ என்றால் சீனி குறைத்த தேநீர், ஆனால் அதில் ஊற்றும் கெட்டிப் பாலிலேயே சீனி உண்டு. நிஜமாகவே ஒன்றுமில்லாதது ‘தே ஓ கோசோங்’. கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல், சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்துவிட்டதால் ஒரு கணக்கு போட முடிகிறது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை இருந்தால் சி, அதற்கும் மேல் டி. ஆக, 500 மில்லி கோப்பையில் சர்க்கரையால் சி வாங்கிய பானம் 25 முதல் 50 கிராம். பபிள் டீ என்றால் அடியில் கிடக்கும் மரவள்ளி உருண்டைகளை நீங்கள் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீச்சலுக்குப் போய் வந்தால் ஏறுகிறது, ஓட்டத்துக்குப் போனால் இறங்குகிறது

ஏறுவதற்குக் காரணம் சிறியது. குழாயை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, பம்ப்பில் ‘நிறுத்து’ அழுத்தாமல் போயிருப்பீர்கள். அது லாக்கருக்குள் சொட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அத்தனையும் உங்கள் உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். திரும்பி வந்து மாட்டியதும், ‘ஏற்கெனவே கொடுத்திருக்கிறேனே’ என்று கையைக் கட்டிக்கொள்ளும். கழற்றினால் நிறுத்துங்கள், மாட்டினால் தொடங்குங்கள்.

இறங்குவதில்தான் சூட்சுமம். ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓடப் போகிறோம், லோ ஆகிவிடக் கூடாது என்று கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவோம். சென்சார் ஏற்றத்தைப் பார்க்கும், பம்ப் அதற்கு இன்சுலின் கொடுக்கும், அந்த இன்சுலின் நடு ஓட்டத்தில் விழித்துக்கொள்ளும். ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே, எண்ணைச் சற்று உயரத்தில் வைத்திருக்கச் சொல்லும் உடற்பயிற்சி இலக்கைப் பம்ப்பில் இயக்கிவிட வேண்டும் (பல பம்ப்புகளில் அது 8.3). பழம் வேண்டுமென்றால் ஓடத் தொடங்கும் தறுவாயில், அதுவும் எண் தாழ்வாக இருந்தால் மட்டும். கிளம்பும்போதுதான் இலக்கை மாற்றினால் பயன் குறைவு, முன்பு கொடுத்தது உடம்பில் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

சென்சார் ஒன்று, விரல் ஒன்று

முதலில் விரலையே சந்தேகப்படுங்கள். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரைதான் தெரியும். கழுவிக் குத்தியும் வித்தியாசம் இருந்தால்: 4-க்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரையிலும், 4-க்குக் கீழே 1.1 வரையிலும் வித்தியாசம் சகஜம். புது சென்சார் முதல் நாள் கொஞ்சம் உளறும். எண் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஒப்பிடாதீர்கள், அளவு திருத்தவும் செய்யாதீர்கள். திரையில் அம்புக்குறி படுத்திருக்கும் (எண் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும்) நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

சில ரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சில சென்சார்கள் எண்ணை உயர்த்திக் காட்டும். அதை நம்பி பம்ப் இன்சுலின் கொடுத்தால் விபரீதம். சிலவற்றுக்கு அதிக அளவு வைட்டமின் சி அல்லது பாரசிட்டமால் ஆகாது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளை ஒருமுறையாவது படியுங்கள்.

ஆட்டோ தானாக நின்றுவிடுகிறது

சென்சார் சிக்னல் போயிருக்கும், அல்லது பம்ப் தன் உச்ச வரம்பிலோ அடி வரம்பிலோ நீண்ட நேரம் ஓடிக் களைத்திருக்கும். சிக்னல் என்றால் உடம்பு குறுக்கே நிற்கிறதா பாருங்கள். வலக் கையில் சென்சார், இடப் பக்கம் பம்ப் என்று ஒருக்களித்துப் படுத்தால் ப்ளூடூத் உடம்பைத் தாண்டத் திணறும். கைப்பேசி மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் என்றால் செயலிக்கான அனுமதிகளைப் பாருங்கள். உச்ச வரம்பு என்றால் மறுபடி இந்தப் பக்கத்தின் முதல் தலைப்பு.

மூன்று நாளாக எல்லாமே ஏறுமாறு

செட்டும் சரி, இன்சுலினும் சரி, கணக்கும் சரி என்றால் உடம்பு மாறியிருக்கிறது. காய்ச்சல், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தந்த ஸ்டீராய்ட் மாத்திரை. ஸ்டீராய்டில் பிற்பகலுக்குமேல் எகிறும், நீங்களாகச் சமாளிக்காமல் அழைத்துக் கேளுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, எண் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். குமட்டினால் எண்ணைப் பார்க்காமல் கீட்டோனைப் பாருங்கள்.

சென்னைக்குப் போனால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால். ஆட்டோவுக்கு அது பெரிதில்லை, ஆட்டோ நின்றால் ஓடும் பேசலுக்குப் பெரிது. விமானத்திலிருந்து இறங்கியதும் பம்ப்பின் நேரத்தை மாற்றுங்கள். எம்ஆர்ஐ எடுப்பதென்றால் பம்ப்பை அறைக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். சென்சாரைப் பற்றி அங்குள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பம்ப் இயங்கவே இல்லை

எனக்கு ஒருமுறை நடந்தது, சனிக்கிழமை இரவு, திரை இருண்டு உயிர் வரவில்லை. மாற்று பம்ப் வர இரண்டு நாள். வீட்டில் பேனாவும் நீண்ட நேர இன்சுலினும் இருந்தன. எவ்வளவு போடுவது என்பதுதான் இல்லை. என் பேசல் அளவு, உணவு விகிதம், திருத்த அளவு எல்லாம் அந்தச் செத்த பெட்டிக்குள் இருந்தன. மருத்துவமனையின் அவசர எண்ணில் வந்த மருத்துவர் பழைய கோப்பைத் தேடி எடுத்துச் சொல்லும்வரை ஒரு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அந்த மூன்று திரைகளையும் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு தாளில் எழுதி குளிர்ப்பெட்டியின் கதவிலும் ஒட்டியிருக்கிறது, அம்மாவின் மைலோ டின்னுக்கு நேர் எதிரே.